வளைந்த விரலுக்குத் தொளைத்த குழல்

அவர் பேரை நான் வாயால் சொல்வதில்லை. நிக்காஹ் முடிந்து நாற்பத்தாறு வருஷம் ஆகிறது, இதுவரைக்கும் சொன்னதில்லை, இதற்காகவும் சொல்லப் போவதில்லை. எழுதுகிறவள் என் பேத்தி அஸ்ரின்தான், அவளே எழுதிக்கொள்ளட்டும். அக்பர் அலி. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டுப் பக்கம் வந்து மூங்கில் கடை பாய் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

கடை என்றால் கண்ணாடி போட்ட கடை இல்லை. ரோட்டோரம் ஒரு கொட்டகை, அதில் சாய்த்து வைத்த கழிகள், பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதற்கும் பின்னால் எங்கள் வீடு. கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சாரம், கல்யாணத்துக்குப் பந்தல் கால், வாழை போட்டவர்களுக்கு முட்டு, வெள்ளையடிக்கிறவர்களுக்கு ஏணி. கல்வராயன் மலையிலிருந்து லோடு வந்து இறங்கினால் அவர் ஒவ்வொரு கழியாக எடுத்து விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டிப் பார்ப்பார். காய்ந்தது எது, பச்சை எது, தண்ணீரில் ஊறி வந்தது எது, உளுப் பூச்சி விழுந்தது எது, எல்லாம் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும் அவருக்கு. கூட இருந்து இருந்து நானும் கற்றுக்கொண்டேன். எனக்கு எழுத்து தெரியாது, மூங்கில் தெரியும். தெரியும் என்கிற அந்த நினைப்பில்தான் நான் கெட்டேன்.

அவருக்கு வலது கை மோதிர விரல் வளைந்திருக்கும். மகன் தௌசிப் என் வயிற்றில் இருந்தபோது, கழி பிளக்கையில் கத்தி வழுக்கி நரம்பில் இறங்கிவிட்டது. விரல் பிழைத்தது, ஆனால் நிமிரவில்லை. சோற்றைப் பிசையும்போது அந்த ஒரு விரல் மட்டும் தனியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த விரலைப் பற்றிப் பின்னால் வரும், அதனால்தான் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் குழல் ஊதுகிற ஆசை வந்தது. இல்லை, ஆசை முன்னாலேயே இருந்திருக்கும், ஐம்பத்தெட்டில்தான் வெளியே வந்தது. ஒரு மண்டபத்துக்குப் பந்தல் கால் இறக்கப் போயிருக்கிறார். அங்கே சந்தியா என்று ஒரு டீச்சர், சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக் கொடுக்கிற பெண். இவர் கால் இறக்கின வண்டியை அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரமும் போய் நின்றிருக்கிறார். மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணே கூப்பிட்டு, பேரப்பிள்ளையைச் சேர்க்கணுமா பாய் என்று கேட்டதாம். பேரப்பிள்ளை இல்லம்மா, நான்தான் என்றாராம் இவர்.

எனக்கு ரெண்டு மாசம் தெரியாது. வடக்கனந்தலில் ஒருத்தர் தோப்பு மூங்கில் விற்கிறார், பார்த்துவிட்டு வருகிறேன் என்பார் ஒவ்வொரு சனிக்கிழமையும். ஒரு தோப்பை எத்தனை சனிக்கிழமை பார்ப்பது என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. பூக்காரி ராணியம்மாள்தான் வந்து சொன்னாள்.

"உங்க வூட்டுக்காரரு சின்னப் புள்ளைங்க நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துக்கினு ஊதறாருக்கா. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி உப்பிக்கினு இருக்குது."

நான் அவளைத் திட்டி அனுப்பினேன். அவர் வந்ததும் சிரித்தேன், சிரித்து முடித்துவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். ஆறு வயதுப் பிள்ளையும் இவரும் ஒரே பாடம். அந்தப் பிள்ளைகள் இவரைப் பாய் தாத்தா என்று கூப்பிட்டு, தாத்தா நீங்க தப்பா வாசிக்கறீங்க என்று சொல்லுமாம். இவர் அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வார். தௌசிப்புக்கு வேறு கவலை. தொழுகைக்குப் போகிற மனுஷன் குழல் ஊதினால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றான். நாலு பேர் பேசவில்லை, ஒருத்தர்தான் கேட்டாராம். கழி விற்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஊதுகிறேன், தொழுகை நேரத்தில் ஊதவில்லையே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்தக் குழல் டீச்சருடையது, இரவலாகக் கொடுத்தது. சின்னது, ஒரு முழத்துக்கும் கம்மி. ரெண்டு வருஷம் அதில்தான் படித்தார். அவர் விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் மாதிரி இருக்கும். அந்தச் சின்னக் குழலில் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், கூட்டமான பஸ்ஸில் ஜனம் நிற்கிற மாதிரி. ஒருநாள் டீச்சர் சொல்லிவிட்டது, பாய், உங்க கைக்கு இது ஆவாது, பெரிய குழலா வாங்கிக்குங்க, அதுல சத்தமும் கனமா வரும், உங்களுக்குன்னு சொல்லி செய்யச் சொல்லுங்க என்று.

சேலத்துப் பக்கம் இருசப்பன் என்கிறவர் குழல் செய்கிறார் என்று அந்தப் பெண்ணே விலாசம் எழுதிக் கொடுத்தது. இவர் சின்னசேலம் போய் அங்கிருந்து சேலம் பஸ் ஏறினார். கிளம்பும்போது நம்ம கொட்டகையிலேயே நல்ல கழியாக ஒன்று எடுத்துக்கொண்டு போனார், இதிலேயே செய்யச் சொல்லலாம் என்று. நாற்பது வருஷம் மூங்கில் விற்றவருக்கு அந்தக் கர்வம் இருக்காதா. இருசப்பன் அதை வாங்கி ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பாய், இது ஏணிக்கு ஆவும், கொழலுக்கு ஆவாது என்றாராம். எங்கள் மலை மூங்கில் கெட்டி, உள்ளே பொந்து கம்மி. குழலுக்கு ஓடு மெல்லிசாக இருக்கணும், கணுவுக்குக் கணு தூரமாக இருக்கணும், அது எங்கேயோ வடக்கிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வருகிறதாம். ஒரு கொட்டகை நிறைய மூங்கில் வைத்திருக்கிறோம், அதில் ஒரு சாண்கூட ஊதுவதற்கு உதவாது. இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இருசப்பன் அவர் கையை ஒரு காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்துகொண்டார். வளைந்த விரலை மட்டும் ரெண்டு மூன்று தடவை பிடித்துப் பார்த்தாராம். பெரிய குழலில் தொளைகள் தள்ளித் தள்ளி இருக்கும், அந்த விரல் எட்டாது. அதனால் அந்த ஒரு தொளையை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி, கொஞ்சம் கீழ்ப்பக்கமாக, அந்த விரல் எங்கே போய் விழுமோ அங்கே போட்டுத் தருகிறேன் என்றார். நாலு மாசம் ஆயிற்று. தந்தியடித்த மாதிரி ஒரு போன் வந்தது, இவர் போய் வாங்கிவந்தார். பேப்பரில் சுற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம். எனக்கு அதைக் காட்டினார். எட்டுத் தொளையில் ஒன்று மட்டும் வரிசை தப்பி நின்றது, அவர் விரல் மாதிரியே. வேறு யார் கையில் கொடுத்தாலும் அதில் ஒழுங்காக வாசிக்க வராது.

இதற்கு ஒரு பை தைத்துக் கொடேன் என்று கேட்டார். எனக்கு வேற வேல இல்லையா என்றேன். அவரே பழைய லுங்கி ஒன்றைக் கிழித்து, கோணி தைக்கிற ஊசியால் கோணல் மாணலாகத் தைத்துக்கொண்டார். இப்போது நினைத்தால், அரை மணி நேர வேலை அது எனக்கு.

புதுக் குழல் வந்தால் உடனே பாட்டு வந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். வரவில்லை. முதல் நாள் வெறும் காற்று. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் உஸ்ஸென்று வருமே, அதுதான். சின்னக் குழலுக்குப் பழகின உதடு இதற்கு ஆகவில்லை, உதட்டைக் கொஞ்சம் கீழே இறக்கணுமாம், காற்றைக் கூர்மையாக இல்லாமல் அகலமாக விடணுமாம், கழுத்தை ஒருபக்கம் சாய்க்கணுமாம். மூச்சும் ரெண்டு பங்கு வேணும். ஊதி ஊதித் தலை சுற்றி அப்படியே கழி அடுக்கின்மேல் உட்கார்ந்துவிடுவார். கை பிடித்துக்கொள்ளும். சாப்பிடும்போது கட்டைவிரல் நடுங்கும். ரெண்டு வருஷம் படித்த ஆள், மறுபடியும் முதல் பாடத்துக்கு வந்து நின்றார். அந்தச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் முன்னால் போய்விட்டன.

இந்த வயசுல இதெல்லாம் தேவையா என்று நான் தினம் ஒருதரமாவது கேட்டேன். அவர் நிறுத்தவில்லை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து, கடை திறக்கிறதுக்கு முன்னால், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஊதுவார். விரல் வியர்த்து வழுக்கும். டீச்சர் பவுடர் போட்டுக்கச் சொன்னதாம். தௌசிப்பின் கேரம் போர்டுக்கு வாங்கின பவுடர் டப்பா ஒன்று வீட்டில் கிடந்தது, அதில் கொஞ்சம் எடுத்து விரல் நுனியில் தேய்த்துக்கொள்வார். இது எனக்குத் தெரியாது. பின்னால்தான் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் அவர் செய்த காரியங்கள் எல்லாம் இந்த மாதிரிச் சின்னச் சின்னக் காரியங்கள்தான்.

ஒரு மாசம் போயிருக்கும். ஒருநாள் காலையில் நான் அடுப்படியில் டீக்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், அந்தச் சத்தம் வந்தது. முழுசாக வந்தது. சின்னக் குழலின் சத்தம் கீச்சென்று காதைத் தொடும். இது நெஞ்சுக்குள் வந்து தொட்டது. தொட்டித் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி, அமைதியாக, கனமாக. நான் பாலைப் பார்க்காமல் நின்றேன், பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அவர் குழலைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. என்னைத்தான் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம், நல்லா இருந்துச்சுங்க என்று. ஒரு வார்த்தை.

"டீ ஆறுது," என்றேன்.

அதற்கப்புறம் தினமும் ஊதினார், நானும் தினமும் கேட்டேன். ஒரே பாட்டு. தப்பு வருகிற இடத்தில் நிற்கும், திரும்ப ஆரம்பிக்கும். எந்த இடத்தில் தப்பும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அந்த இடத்தை அவர் தப்பாமல் தாண்டுகிற அன்றைக்கு நான் துணி துவைக்கிறதை அப்படியே நிறுத்திவிட்டு மூச்சுவிடுவேன். இதெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.

பங்குனி மாசம் டீச்சரின் பிள்ளைகள் எல்லாம் மண்டபத்தில் வாசிக்கிற நாள் வந்தது. இவர் தனியாக அஞ்சு நிமிஷம் வாசிக்கணும் என்று ஏற்பாடு. நோட்டீஸ் அடித்தார்கள். அதில் பேர் போட்டு, பக்கத்திலேயே மூங்கில் கடை என்றும் போட்டிருந்தது என்று தௌசிப் படித்துக் காட்டினான். இவர் அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நான் வரமாட்டேன் என்று சொன்னேன். வெத்தில பாக்கு வாங்கிக்கினு போய் உக்காந்து உங்கள வேடிக்க பாக்கணுமா என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

"முன்னாடி வரிசையில ஒரு நாற்காலி சொல்லி வெச்சிருக்கறேன். அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்றார்.

அந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால் அவர் தங்கை மகள் கல்யாணம் சிதம்பரத்தில். எனக்கு முழங்கால் வலி, நான் போகவில்லை. குழலையும் வைத்துவிட்டுப் போனார். பஸ் கூட்டத்தில் நசுங்கிவிடும் என்று பயம். ஆணியில் பையோடு மாட்டிவிட்டு, அஞ்சு நாளில் வந்துவிடுவேன் என்றார்.

அவர் போன அன்றைக்கு மத்தியானம் வீடு கூட்டிக்கொண்டு வந்தேன். ஆணிக்குக் கீழே தரையில் வெள்ளையாக மாவு. விரலில் தொட்டேன். பையை எடுத்து உதறினேன், இன்னும் கொஞ்சம் விழுந்தது. மோந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. உளு.

மூங்கில் கடைக்காரர் வீட்டில் அந்த மாவைப் பார்த்தால் தேளைப் பார்த்த மாதிரி. உளு ஒரு கழியில் விழுந்தால் அதற்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும், வெளியே ஊசி முனை ஓட்டையும் இந்த வெள்ளை மாவும்தான் தெரியும். தௌசிப் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஒரு கழியிலிருந்து கொட்டகை முழுக்கப் பரவி, அத்தனையையும் மைதானத்தில் போட்டுக் கொளுத்தினோம். அன்றிலிருந்து புதுக் கழி வந்தால் தொட்டியில் பதினஞ்சு நாள் முக்கி, மேலே கல் வைத்துவிடுவோம். அந்தத் தண்ணீரில் மூங்கிலின் தித்திப்பு இறங்கிவிடும், அப்புறம் உளு வராது. ஏணிக்கு என்றால் புகையும் காட்டுவோம்.

நான் ரொம்ப நேரம் அந்தக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். தௌசிப் மாலையில் வருவான், அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் சரியாக இருக்கும். வரமாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டேன், வருகிறேன் என்று மாற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த மனுஷனுக்கு என் கையால் ஒரு நல்லது செய்யணும் என்று இருந்தது. அவர் வந்து, உளு விழுந்துச்சா, நீ பார்த்துக் காப்பாத்திட்டியா என்று கேட்கணும். ஏணிக்குப் பதினஞ்சு நாள் என்றால் இந்த ஒன்றரை முழத்துக்கு மூணு நாள் போதாதா என்று கணக்குப் போட்டேன்.

தொட்டியில் முக்கிக் கல் வைத்தேன். மூன்று நாள். எடுத்துத் துடைத்து, வெந்நீர் போடுகிற விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டி, தீ எழாமல் வெறும் புகை வருகிற மாதிரி உமி போட்டுத் தொங்கவிட்டேன். நெருப்பில் பட்டுவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். மறுநாள் மத்தியானம் டப் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான், காய்ந்த அவரைக்காய் வெடிக்கிற மாதிரி. எடுத்துப் பார்த்தால் உதடு வைக்கிற தொளையிலிருந்து மூன்றாவது தொளை வரைக்கும் மயிர் போல ஒரு கோடு. நகம் வைத்தால் நகம் இறங்கியது.

தேங்காயெண்ணெய் தடவினேன். துடைத்தேன். பைக்குள் போட்டு ஆணியில் பழையபடி மாட்டிவிட்டேன். ஒன்றுமே நடக்காத மாதிரி.

அவர் ராத்திரி பஸ்ஸில் வந்து படுத்துவிட்டார். காலையில் தொழுதுவிட்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன், கதவிடுக்கில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அலமாரி மேலிருந்து கேரம் பவுடர் டப்பாவை எடுத்தார். உள்ளங்கையில் கொஞ்சம் தட்டி, விரல்களில் தேய்த்துக்கொண்டு, மிச்சத்தைப் பையின் மேலேயே உதறினார். அதே வெள்ளை மாவு.

உளு இல்லை, பவுடர். அரிசி முறத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன்.

தொட்டிப் பக்கத்திலிருந்து உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. மறுபடியும் காற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு வந்து நின்ற அதே இடம்.

"இது வெயில்ல எங்கனா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இன்னாங்க வெயிலு. ஜன்னல் தெறந்து கெடந்துச்சு, காத்துக்கு வெடிச்சிருக்கும்," என்றேன். முகத்தைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கினேன்.

அவர் குழலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒரு தரம், ரெண்டு தரம். கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினார். பிறகு விரல் முட்டியால் ரெண்டு தட்டு தட்டினார், லாரியிலிருந்து இறங்கின கழியைத் தட்டுகிற மாதிரியே. எந்தக் கழி ஊறினது எது ஊறாதது என்று சத்தத்திலேயே சொல்கிற மனுஷன். புகையில் காய்ந்ததை அடுத்த தெருவிலிருந்தே மோந்து சொல்கிறவர்.

"ஆமா. காத்துக்குத்தான் இருக்கும்," என்றார்.

போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, உண்மையைக் கொட்டியிருப்பேன். அவர் அதற்கு இடமே வைக்கவில்லை. நானும் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன்.

குழல் மேல் நைலான் நூல் சுற்றினார், சாரம் கட்டுகிற முடிச்சு போட்டு. மெழுகு உருக்கி விட்டார். சத்தம் வந்தது, ஆனால் கூடவே ஒரு சீறல். டீச்சர் பார்த்துவிட்டு, பரவாயில்ல பாய், பழைய சின்னக் கொழல்லயே வாசிங்க என்று கொடுத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊதிப் பார்த்தார். அதில்தான் கொடுமை. இத்தனை மாசம் பெரிய குழலுக்குப் பழகின விரல்கள் தள்ளித் தள்ளிப் போய் விழுந்தன, சின்னக் குழலின் தொளைகள் அங்கே இல்லை. உதடும் அதை மறந்துவிட்டது. புதுசைப் பழகப் பழகப் பழசு கைவிட்டுப் போகும் என்று யாருக்குத் தெரியும். ரெண்டு மூணு நாள் முயற்சி செய்தார். அப்புறம் டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

நோட்டீஸில் போட்ட அந்த நாள் மாலையில் அவர் வேட்டி மாற்றிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பினார், மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க. நானும் புர்கா போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். முன்னால் வரிசையில் சொல்லி வைத்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் உட்கார்ந்தேன், பக்கத்தில் அவர். ஒவ்வொரு பிள்ளையாக ஏறி வாசித்தது. அவர் பேர் வருகிற இடத்தில் டீச்சர் மைக்கில், பாய் குழல் உடைஞ்சு போனதால இன்னிக்கு வாசிக்கல என்று சொல்லிவிட்டு அடுத்த பேரைப் படித்தது. பின்னாலிருந்து யாரோ விஷயம் புரியாமல் கை தட்டினார்கள். அவர் குனிந்து சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நோட்டீஸ் அங்கே இருந்தது.

இன்னொன்று செய்யச் சொல்லுங்களேன், கையை வரைஞ்ச காகிதம் அந்த இருசப்பன்கிட்ட இருக்குமே என்று அப்புறம் நானே பல தடவை சொன்னேன். பார்க்கலாம் என்பார். ஒரு வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷமும் பார்க்கலாம். நூல் சுற்றின குழல் பையோடு ஆணியிலேயே தொங்கியது. வயசாயிடுச்சு, ஆசை விட்டுப் போச்சு என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

எட்டு வருஷம் போயிற்று. இந்த வருஷம் தௌசிப் எங்கள் ரெண்டு பேரையும் உம்ராவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தான். மக்காவுக்குக் கிளம்புகிறவர்கள் அதற்கு முன்னால் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், தெரிந்தோ தெரியாமலோ தப்பு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போவோம். முழங்கால் வலியோடு நான் தெருத் தெருவாகப் போனேன். ராணியம்மாளிடமும் கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க என்னத் திட்டினது திட்டினதுதான். மறக்கல. மன்னிச்சிட்டேன், நல்லபடியா போயிட்டு வாங்க," என்றாள்.

எல்லார் வீட்டுக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் ஒருத்தர் பாக்கி இருந்தார். சாயங்காலம், அவர் தொட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் கழி அடுக்கின்மேல் உட்கார்ந்தேன்.

"ஊற வெச்சேங்க," என்றேன்.

"இன்னாத்த?"

"அந்தக் கொழலை. இந்தத் தொட்டியிலதான். பவுடர பாத்துட்டு உளுன்னு நெனச்சிட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

"எத்தினி நாளு?"

"மூணு நாளு. அப்பறம் ஒன்ற நாளு பொகை காட்டினேன்."

"மூணு நாள்ல இன்னா ஆவும். பதினஞ்சு நாளு ஊறணும், உனக்குத் தெரியாதா," என்றார். தமாஷ் பண்ணுகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்பவே தெரியுமா என்று கேட்டேன். மூக்கு இருக்குதுல்ல என்றார். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை, இன்னொரு குழலாவது ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"புதுசு வாங்கிட்டு வந்து காலையில காலையில ஊதினா உன்ன குத்திக் காட்டற மாதிரி இருக்கும். நீயா சொல்லிட்டன்னா அப்பறம் வாங்கிக்கலாம்னு இருந்தேன். இன்னிக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்துட்டேன்."

குழல் வெடித்த அன்றைக்கு நான் அவர் குழலை மட்டும்தான் கெடுத்தேன் என்று எட்டு வருஷமாக நினைத்திருந்தேன். ரெண்டாவது குழலையும் நான்தான் வரவிடாமல் தடுத்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு காலையும், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு.

இப்ப வாங்கலாங்க என்றேன். அவர் நகத்தால் முன்பல்லைத் தட்டிக் காட்டினார். போன வருஷம் மேல்பல் நாலும் விழுந்து, கட்டின பல் அது. இதுல காத்து நிக்காது, பக்கவாட்டுல போயிடும், டீச்சரக்கூட கேட்டுட்டேன் என்றார். கேட்டிருக்கிறார். அப்படியென்றால் போன வருஷம்கூட அவருக்கு ஆசை இருந்திருக்கிறது.

மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க, இல்லன்னா நான் போக முடியாது என்றேன். அது எப்பவோ ஆயிடுச்சு என்று கையை அசைத்தார். வளைந்த விரலும் கூடவே அசைந்தது.

அப்புறம்தான் எனக்குத் தோன்றியது, அன்றைக்கு மண்டபத்தில் என்ன வாசிக்கிறதாக இருந்தார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டேன். பேர் சொன்னார், எனக்கு விளங்கவில்லை. பாடிக் காட்டுங்க என்றேன். வார்த்தை இல்லாமல், கட்டின பல்லுக்கு இடையில் காற்று போக, தொண்டையிலேயே முனகினார். அந்தத் தப்பு வருகிற இடம் வந்தது, நான் மூச்சைப் பிடித்தேன். தப்பாமல் தாண்டினார். எனக்கு முழுக்கத் தெரிந்த பாட்டுதான், எதிரில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவ்ளோதானா?" என்று கேட்டேன்.

"அவ்ளோதான். அஞ்சு நிமிஷம்தானே குடுத்தாங்க," என்றார்.